சூரியன் நிற்கும் பக்கம்

இரவு ஒன்பதேகாலுக்கு வந்தது படம்.
கவிழ்ந்த வள்ளம், ஏரா வானம் பார்க்க.
"குளச்சல், இன்று காலை. எல்லோருக்கும் அனுப்பவும்."
அனுப்பியது பெல்சி.
பெல்சிக்கு அவள் கொழுந்தன்.
கொழுந்தனுக்கு யார் என்று பெல்சிக்குத் தெரியாது.

ததேயு போன வள்ளம் நீலம்.
இதுவும் நீலம்.

பெரிதாக்கினேன். எண் இருக்கவேண்டிய இடத்தில் நுரை.
இன்னும் பெரிதாக்கினேன்,
வள்ளம் சதுரம் சதுரமாக உடைந்தது.
அப்புறம்தான் சூரியனைப் பார்த்தேன்,
கடலின்மேல், ஒரு சாண் உயரத்தில், சிவப்பாக.

காலையாம்!
எங்கள் கரையில் அது
காலையில் தென்னைகளுக்குப் பின்னாலிருந்து வரும்;
கடலுக்குப் போவது சாயங்காலம்தான்.
விடியுமுன்னே ஐஸ் பேக்டரிக்கு நடக்கிறவள்,
எனக்குத் தெரியாதா?

பொய் என்று பெல்சிக்கு எழுதினேன்.
பொய் என்றால், படம் பொய்.
ததேயு எங்கே என்று அது சொல்லவில்லை.

பத்தரைக்கு இன்னொன்று:
"குளச்சல் வள்ளங்கள் அத்தனையும் பத்திரமாகக் கரை சேர்ந்தன."
விரல் அனுப்பப் போனது.
போனது என்ன, அனுப்பியே விட்டது, மூன்று பேருக்கு.
இதில் பெயரில்லை, நேரமில்லை,
எந்தக் கரை என்றுமில்லை.
நான் சூரியனைத் தேடவேயில்லை.

மூன்றையும் அழித்தேன்.
ஒருத்தி அதற்குள் படித்துவிட்டிருந்தாள்,
கைகூப்பும் படம் அனுப்பியிருந்தாள்.

பங்கு ஆபீசில் விளக்கு எரிகிறது.
கிளீட்டஸ் ஒவ்வொரு இடமாக போனில் கேட்டு
நோட்டில் எழுதுகிறான்:
தெரிந்த பெயருக்கு நேரே
யார் சொன்னது, எத்தனை மணிக்கு.
தெரியாததற்கு நேரே வெறும் கோடு.

ததேயுவுக்கு நேரே கோடு.
அந்தக் கோட்டை நம்பி
படியில் உட்கார்ந்திருக்கிறேன்.