முதற்குறை

ஏற்காட்டில் மழை. சர்வர் படுத்து இருபது நிமிடம்.
இ-சேவை மையத்தின் உடைந்த நாற்காலியில்
ஈரப் பையை மடியில் வைத்துக் காத்திருக்கிறாள் கெஜலட்சுமி.
பையனுக்குச் சாதிச் சான்று, விடுதியில் கேட்கிறார்களாம்.
ஊசி, பாசி, சீப்பு எல்லாம்
படகுத்துறை வாசலில் தார்ப்பாய்க்குக் கீழே.
தங்கச்சி காவல்.

வெளியே வனத்துறை வண்டி
சேற்றில் சிக்கி உறுமுகிறது.
‘அந்த வண்டிப் பேரும் எங்க பேரும் ஒண்ணாமே?’
நேற்று பெங்களூர்ப் பையன் ஒருவன்
படம் பிடித்துவிட்டுச் சொன்னானாம்,
ஜிப்சி.
திட்டா, பாராட்டா?
பாசி வாங்கவில்லை. திட்டாகத்தான் இருக்கும்.

படித்தது தமிழ் எம்.ஏ., பார்ப்பது தட்டச்சு.
கைப்பேசியில் தேடிச் சொன்னேன்:

எங்கோ ஒரு குளிர்நாட்டில், ஐந்நூறு வருஷம் முன்னால்,
ஊருக்கு வெளியே கூடாரம் அடித்தவர்களைப் பார்த்து
நிறத்தை வைத்து முடிவு கட்டினார்கள்,
எகிப்துக்காரர்கள் என்று.
அவர்கள் எகிப்தைக் கண்டதில்லை.
முன்னோர் புறப்பட்டது நம் வடக்கிலிருந்து.
அதுவும் பிற்பாடு, அவர்கள் பேச்சைக் கேட்டுத்தான் தெரிந்தது.
அதற்குள் வாய்க்கு வாய் தேய்ந்து
ஈஜிப்ஷியனில் முன்னால் உட்கார்ந்திருந்த
ஈ பறந்துவிட்டது.
மிச்சம்தான் இது.
தப்பான விலாசம், அதுவும் கிழிந்தது.

‘எகிப்து எந்தப் பக்கம் மேடம், குப்பனூர் வழியா?’

சிரித்து முடித்தபின்
எனக்குள் ஒரு பழைய இரண்டு மதிப்பெண் வினா எழுந்தது.
முதலெழுத்தை இழந்த சொல் முதற்குறை.
எடுத்துக்காட்டு: தாமரை, மரை.
பாடத்தில் அந்த மரையும் தாமரைதான்.
காட்டிலோ மரை என்றால் மான்.
சேற்றில் வேர்விட்டு நின்ற ஒன்று
தலையெழுத்து போனதும்
நாலு காலில் எழுந்து
நனைந்த சில்வர் ஓக் மரங்களுக்குள் போகிறது.

இதை அவளிடம் சொல்லவில்லை.
அவள்தான் சொன்னாள்:
‘உங்கள மாதிரி ஆளுங்களுக்கு எங்க பாஷைல பேரு இருக்கு.’
சொன்னாள்.
கூழாங்கல் தண்ணீரில் விழுந்ததுபோல் இரண்டு அசை.
‘அப்படின்னா?’
முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.
‘அது சும்மா.’

சர்வர் வந்தது.
நிரந்தர முகவரி. சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டம்.
நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது.
யோசிக்காமல் ஒப்பித்தாள்,
சேலத்துக் காலனி, தெரு, கதவு எண்.
‘பதிமூணு வருஷமா அதே வீடுதான், பட்டா இருக்கு.’
என் ஆதாரில் இன்னும் ஆத்தூர்.
நடுவில் வாழப்பாடி, அஸ்தம்பட்டி,
இப்போது இந்த மாடி அறை, ஜூன் வரைக்கும்.

எழுபது ரூபாய்க்கு நூறு கொடுத்தாள்.
சில்லறை தேடிக்கொண்டிருந்தபோது
வண்டி சேற்றிலிருந்து விடுபட்டது.
பின்கதவில் ஐந்து உலோக எழுத்துகளில்
முதலாவதைக் காணோம்.
பசை ஒட்டியிருந்த இடம் மட்டும்
கொஞ்சம் வெளுத்திருந்தது.