விடுமுறையில் ஒரு பட்டா

எவுஃப்ராசியா சிர்ப்பா நினைவு நாள்.
டிட்டிகாக்கா ஏரிக்கரை முழுக்க விடுமுறை.
வெண்கலச் சிலைக்கு
பூட்ஸ் மாட்டியிருக்கிறார்கள்.

அவள் சட்டசபைக்குப் போனது டயர்ச் செருப்போடு.
காவலாளி மறித்தான்.
கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
உள்ளே போய்ச் சொன்னாள்:
‘உழுதவள் பேர் பட்டாவில் ஏறட்டும்.’
ஏறப் பதினாறு வருஷம்.

பதிவு அலுவலகப் பூட்டிய படியில் ஒருத்தி.
உறைபனியில் இரவெல்லாம் நடந்திருக்கிறாள்.
மடியில் அவித்த கிழங்கு,
புருஷனின் இறப்புச் சான்று.
‘இன்னைக்கு என்ன விசேஷம்?’
சொன்னேன்.
‘அவளுக்கா? அப்போ திறந்திருக்கணுமே.’

மாலையும் கையுமாக நான்.
சாவி சட்டைப்பையில்.

குளிரில் மை இறுகிக் கிடந்தது,
வாயால் ஊதி இளக்கினேன்.
கைநாட்டா என்றேன்.
பேனா கேட்டாள்.

மூன்றாம் எழுத்தில் நின்று
யோசித்துக்கொண்டிருக்கிறாள்.
வெளியே ஒலிபெருக்கி
‘அம்மையார் அவர்கள்…’ என்று இருமுகிறது.