ஒன்று குறைகிறது

ஆறு மணிக்கு 'மொத்தம்' பொத்தானை அழுத்தினேன்.
அறுநூற்றுப் பதினொன்று.
பதிவேட்டில் கடைசிக் கையெழுத்தின் எண்
அறுநூற்றுப் பன்னிரண்டு.

"இன்னொரு தடவ அழுத்துப்பா" என்றார் லாரன்ஸ் சார்.
அழுத்தினேன். அதே எண்.

சூரமங்கலம் மண்டல அலுவலகத்தில்
குடிநீர் வரி வாங்குகிறவன் நான்.
நாற்பது பைசா இடித்தாலும்
விளக்கை அணைக்காமல் தேடுவேன்.
இங்கே இடிப்பது ஓர் ஆள்.

முந்தின நாள் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும்
பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஏறினோம்.
பதினான்காவது வளைவில்
மைக்குப்பி கசிந்து
இளங்கோவன் வாத்தியாரின் சட்டைப்பை
எல்லாருக்கும் முன்பாக ஓட்டுப் போட்டுவிட்டது.
செம்மநத்தத்துக்கு மேலே
உண்டு உறைவிடப் பள்ளியில்
பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்தோம்.
ராத்திரி முழுக்கக் குளிர்,
சன்னலுக்கு வெளியே காட்டெருமை மூச்சு.

விடிகாலை மாதிரி வாக்குப்பதிவு.
மூன்று முகவர்கள் மாறி மாறி அழுத்தினார்கள்.
அடுத்த கட்சிச் சின்னத்தை அழுத்தும்போது
கூச்சப்பட்டார்கள்.
ஐம்பது ஓட்டையும் அழித்தோம்,
சுழியத்தைக் காட்டினோம்,
முத்திரை வைத்தோம்.

எல்லாம் சரியாகத்தான் நடந்தது.
அட்டையில் இருந்த படம் தம்பியுடையது,
வந்தவர் அண்ணன்;
"அவன்தான் சார், அவன்தான்" என்று
மூன்று கட்சியும் சேர்ந்து சொன்னது
அன்றைக்கு அந்த ஒன்றைத்தான்.
சதவீதம் சொல்லக் கோபுரம் கிடைக்காமல்
தலையாரி இரண்டு மணிக்கொருதரம்
பாறைமேல் ஏறிக் கத்திவிட்டு வந்தார்.

பதினொன்றே முக்காலுக்கு மழை.
காப்பி பூக்கக் காத்திருந்த மழையாம்.
வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்,
யாரும் நகரவில்லை.
தகரக் கூரைக்குக் கீழே
எங்களுக்கு ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்கவில்லை.

"வெள்ளச்சி, கணவர் கரிராமன்" என்று
முதல் மேசை கத்தியது.
கைநாட்டு. மை.
மணிக்கட்டில் மிளகுக்கொடி கட்டிய நார்
இன்னும் சுற்றியிருந்தது.
சீட்டை வாங்கிக்கொண்டு நான் பொத்தானை அழுத்தினேன்,
சிவப்பு எரிந்தது.
அட்டை மறைப்புக்குப் பின்னால் போனார்.
சின்னத்தைத் தொட்டாரோ,
பக்கத்து நீலத்தைத் தொட்டாரோ,
தொடவேயில்லையோ.
வெளியே வந்து என்னைப் பார்த்துக் கேட்டார்:
"அவ்ளோதானா?"

"அவ்ளோதாம்மா" என்றேன்.

அடுத்த ஆள் நனைந்த தலையோடு நின்றார்.
பொத்தானுக்குக் கை போனது.
சிவப்பு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது.
நான்தான் முன்னாலேயே அழுத்தியிருக்கிறேன் என்று
நினைத்துக்கொண்டேன்.

இதை
சாயங்காலம் ஆறேகாலுக்குத்தான்
கண்டுபிடித்தேன்.
லாரன்ஸ் சார் கண்ணாடியைத் துடைத்து
நாட்குறிப்பில் எழுதினார்:
'ஒரு வாக்காளர் வாக்களிக்காமல் சென்றார்.'
'சென்றார்' என்ற சொல்லையே
பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவர் செல்லவில்லை சார்,
நான் அனுப்பினேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.
ஜீப் ஹாரன் அடித்தது.

ராத்திரி இரண்டு மணிக்குச் சேலத்தில்
பெட்டி வாங்குகிற பையன் கேட்டான்,
"ஏன் சார் ஒண்ணு கம்மி?"
மழை என்றேன்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

எண்ணிக்கை அன்று
ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் நடுவே
ஆயிரக்கணக்கில் இடைவெளி.
"அந்த ஒண்ணு எந்தப் பக்கம் விழுந்தா என்னய்யா"
என்று இளங்கோவன் போன் போட்டுச் சிரித்தார்.
சட்டையில் கறை போகவில்லையாம்.

வெள்ளச்சியின் விரலிலும்
இந்நேரம் நகம் வளர்ந்து மை மேலேறியிருக்கும்.
ஓட்டுப் போட்டாச்சு என்றுதான்
யாரிடமும் சொல்லியிருப்பார்.

இப்போது கவுன்டரில் என்னிடம் கைக்கருவி இருக்கிறது.
பணம் ஏறினால் ஒலிக்கும்,
ரசீது நாக்கை நீட்டும்.
நேற்று ஒருவர் பணத்தைத் தந்துவிட்டுப்
பையை எடுத்துக்கொண்டு,
"அவ்ளோதானா சார்?" என்றார்.

"இருங்க" என்றேன்.
பின்னால் பத்துப் பேர் நின்றார்கள்.
"இருங்க, சத்தம் வரட்டும்."