வலி முதலில், கறுப்பு பிறகு

நான்காவது முறையும் வந்துவிட்டார் வைதோதாஸ்,
கவுனாஸ் நகரில் டிராலிபஸ் ஓட்டுகிறவர்.
முகம், பலமுறை வெளுத்த துணி.
ஹீமோகுளோபின் ஆறு.

மூன்று தடவை குழாய் விட்டுப் பார்த்தாயிற்று.
இரைப்பை சுத்தம். பெருங்குடல் சுத்தம்.
ரத்தம் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள்.
"ஒளித்துக் குடிக்கிறீரோ?" என்று கேட்டவரும் உண்டு.
அவர் கோபப்படவில்லை.
சட்டைப் பையிலிருந்து
ஏழாம் தடத்தின் நேரக் குறிப்பேட்டை எடுத்து நீட்டினார்.

நெமுனாஸ் பாலத்தில் இரண்டு நிமிடத் தாமதம்,
கம்பியிலிருந்து கொம்பு கழன்றது,
இவற்றுக்கு நடுவே பென்சிலில்:
மேல்வயிற்றில் வலி, 2.10.
வலி நின்றது, 2.50.
மாலை, தார் போல.

பன்னிரண்டு முறை.
வரிசை ஒருமுறைகூட மாறவில்லை.

ஸ்கைஸ்தே அதை நின்றபடி படித்தாள்.
பிறகு உட்கார்ந்து படித்தாள்.
மூன்று வருடம் முன்பு கணையம் வீங்கிப் படுத்தவர்.
யாரும் அதை இதோடு முடிச்சுப் போடவில்லை.

கணையம்:
கோட்டைக் கதவுக்குக் குறுக்கே போடும் மரத்துக்கும்
பழந்தமிழில் அதே பெயர்.
அவளுக்குத் தமிழ் தெரியாது.
எனக்குத்தான் அந்தக் கதவு கண்ணில் நிற்கிறது,
உளுத்த மரத்தின் இடுக்கில்
உள்ளே கசிந்துகொண்டிருக்கும் ஒரு தமனியும்.

நேராகப் பார்க்கும் குழாய் வாசலைத் தாண்டிப் போய்விடும்.
விலாவில் கண் வைத்த குழாயை எடுத்தாள்.
சிறுகுடலின் முதல் வளைவில்,
கணையநீர் சொட்டும் சின்னக் காம்புக்கு எதிரே
நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள்.
பித்தம். மஞ்சள் நுரை.
எட்டு நிமிடம்.
உதவியாள் கால் மாற்றி நின்றான்.
பதினோராவது நிமிடம்
காம்பு ஒரு பொட்டு வைத்துக்கொண்டது.
சிவப்பு.
யாரும் கத்தவில்லை.
நேரத்தை மட்டும் யாரோ சொன்னார்கள்.

ஸ்கேனில்,
மண்ணீரலுக்கு நெளிந்து நெளிந்து போகும் தமனியில்
நாவற்பழ அளவில் ஒரு பொய்ப்பை.
சுவரே இல்லாத வீடு; ரத்தம் குடியேறிவிட்டது.
பக்கத்தில் கணையநாளம், நடுவே ஒரு விரிசல்.
உறைகட்டி அடைத்தால் நாளம் விம்மி வலிக்கும்.
கட்டி வழுக்கி விழுந்தால் வலி போகும், ரத்தம் வரும்.
பிறகு தானாகவே நிற்கும்,
எல்லாரும் தூங்கப் போகும்வரை.

எய்மந்தஸ் தொடைவழியே கம்பி விட்டான்.
பையை அவன் தொடவே இல்லை.
அதற்கு அப்பால் முதலில், இப்பால் பிறகு,
முடியளவு பிளாட்டினச் சுருள்கள்.
முன்வாசலை மட்டும் பூட்டினால்
கொல்லைப்புறமாக வந்துவிடுவான் அல்லவா திருடன்.

இடது விலாவில் குத்தல், ஐந்து நாள் காய்ச்சல்.
மண்ணீரலின் ஒரு மூலை வற்றிப்போயிற்று.
அது கூலி.

ஏப்ரலில் ஒரு சாயங்காலம்
ஸ்கைஸ்தே ஏழாம் தடத்தில் ஏறினாள்.
முகக்கவசம் இல்லாத அவளை அவருக்குத் தெரியவில்லை.
பாலம் ஏறும்போது கொம்பு கழன்றது.
இறங்கினார். கயிற்றை இழுத்துக் கம்பியில் மாட்டினார்.
திரும்பி வந்து பென்சிலை எடுத்தார்.
அவளுக்கு ஒரு கணம் அடிவயிறு கலங்கிற்று.
எட்டிப் பார்த்தாள்.

5.20. கொம்பு.
வேறொன்றும் எழுதவில்லை.