இந்தப் பக்கம் மேலே

பாகலூர் சாலை நர்சரியில் முனிராஜு கேட்டார்:
என்ன கலர் வேணும்மா?

பதினோரு வருடமாக நான் பார்ப்பதே கலர்தான்.
கன்வேயரில் தொங்கி வரும் பெட்ரோல் டேங்குகள்.
டியூப் லைட்டுக்கடியில் திருப்பித் திருப்பி
தூசி, கொப்புளம், வழிசல்.
கண்ணை மூடினாலும் ஒரு சிவப்பு வரும்
அதில் ஒரு புள்ளி இருக்கும்.

ஏழரைக்குக் கம்பெனி பஸ் தெருமுனையில் இறக்கிவிடும்.
மார்கழி ஓசூரில் அந்நேரத்துக்கு
எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியே தெரியாது.
அந்தப் பத்து நிமிடம்தான் என் தோட்டம்.
பிறகு தூக்கம்.

பனியில் நிற்கிற கலர் கொடுங்க, என்றேன்.

பெட்டூனியா, ஈரத்தில் கசங்கிய கைக்குட்டை. வேண்டாம்.
டிசம்பர் பூவின் ஊதா தாங்கும். இரண்டு எடுத்தேன்.
ஈழத்தலரியைத் தொட்டபோது தடுத்தார்:
மார்கழியில இலை கொட்டி மொட்டையா நிக்கும்மா.
நிற்கட்டும்.
பெயின்ட் அடிக்காத ஃபிரேமைப் பார்த்தவள் நான்,
வளைவு எங்கே அழகென்று தெரியும்.

கடைசியில் ஒரு கிறிஸ்துமஸ் செடி, முழுப் பச்சை.
சிவப்புதான் பனியில் முதலில் கரையும். ஆனாலும்.
போன வருடம் வாங்கினது சிவக்கவே இல்லையே, என்றேன்.

வாசல்ல தெருவிளக்கு இருக்கா?
இருக்கு, புது எல்.இ.டி.
அதான். ராத்திரி பதினாலு மணி நேரம்
முழு இருட்டு வேணும் அதுக்கு.
நடுவுல யாராவது டார்ச் அடிச்சாக்கூடப்
பச்சையாவே நின்னுடும்.

அப்படி ஓர் இரவு எனக்குக் கடைசியாக எப்போது?
ஸ்கூட்டியில் செடிகளை முட்டுக்கொடுத்தபடி எண்ணினேன்.
ஆயுத பூஜை லீவில் ஒன்று.
பாதி.

ஐப்பசியிலிருந்து
மாலை ஐந்தரைக்கு எழுந்ததும், முகம் கழுவுமுன்,
ஸ்பேர் பார்ட்ஸ் வந்த அட்டைப்பெட்டியை
அதன் தலையில் கவிழ்க்கிறேன்.
'இந்தப் பக்கம் மேலே' என்ற எழுத்து தலைகீழாக,
அம்புக்குறி மண்ணைக் காட்டும்.
கொசுவலையும் கட்டிடு, என்பார் நஞ்சுண்டன்.

கார்த்திகையில் ஒரு ராத்திரி மழை.
ஒரு மணி டீ பிரேக்கில் அவர் போன்:
பெட்டி ஊறிப்போச்சு.
கோணியும் தார்ப்பாயும் போட்டிருக்கேன்.
வாசல் லைட் போடல,
மெயினையும் அணைச்சுட்டேன்,
தடவித் தடவித்தான் போனேன்.
முட்டியில லேசா அடி.

தெருவிளக்கை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.
முதுகைக் காட்டி நின்னேன், என்றார்.

அதன் பிறகு வந்த டேங்குகளில்
எத்தனை புள்ளிகளை விட்டேனோ தெரியாது.

மார்கழி பிறந்து ஆறாம் நாள்.
பஸ் போன சத்தம் கேட்கிறது, பஸ் தெரியவில்லை.
வெள்ளையாய் நிற்பது பனி,
அதற்குள் சாம்பலாய் முழங்கை மடக்கி ஈழத்தலரி.
ஊதாவும் நின்றது, சொன்னபடி.
பெட்டியைத் தூக்கினேன்.
நாலடி தள்ளி நின்றால் ஒன்றுமில்லை.
குனிந்தேன்.

உச்சி இலையில், நரம்போரம்,
இப்போதுதான் பிடித்த மாதிரி ஒரு சிவப்பு.

பழக்கம் விடவில்லை.
இலையைத் திருப்பிப் பார்த்தேன்.
புழு கடித்த துளை ஒன்று.

விட்டுவிட்டேன்.