பதிவு செய்த எண்

கணக்கு என் பேரில்.
சம்பளமும் என்னுடையது,
பரேலில் நாளெல்லாம் ஊசி குத்தி
சிவப்பு மூடி, ஊதா மூடி என்று
இரத்தம் பிரித்து வைத்துச் சம்பாதித்தது.
நம்பர் மட்டும் தனசிங்குடையது.
கணக்குத் திறந்த வருஷம்
என்னிடம் போன் இல்லை.
அவனிடம் ஒன்று இருந்தது,
மூடி கழன்று ரப்பர் பேண்ட் போட்டது.

பிரிந்து பதினாலு மாதம்.
அவன் உல்லாஸ்நகர் போய்விட்டான்.
நான் சயான் கோலிவாடாவில் அதே அறையில்.
பாஸ்வேர்டு எனக்குத் தெரியும்,
அது முதல் பூட்டு.
இரண்டாவது பூட்டுக்குச் சாவி
ஒவ்வொரு தடவையும் புதிதாக அடிக்கப்பட்டு
அவன் சட்டைப் பையில் போய் விழும்.

கரண்ட் பில்லுக்கு ஒன்று.
ஜெர்லின் ஸ்கூல் பீசுக்கு ஒன்று.
நாசரேத்துக்கு அம்மா பேரில் அனுப்பும்
ஆயிரத்தைந்நூறுக்கு ஒன்று.
"வந்துச்சா?"
"வந்துச்சு."
பிறகு ஆறு எண்.
வக்கீல்கள் வழியாகப் போகாத பேச்சு
எங்களுக்குள் இவ்வளவுதான்.

என்ன மனநிலையில் இருக்கிறான் என்பது
எண்ணிலேயே தெரிந்துவிடும்.
கோபமென்றால் இந்தியில் வரும், தீன், சாத், சாத்.
குடித்திருந்தால்
நான் கேட்காமலே இரண்டாம் முறையும் சொல்வான்.
சைட்டில் இருந்தால் கிரைண்டர் இரைச்சலுக்கு மேலே
ஏழா எட்டா என்று நான் கத்த வேண்டும்.
ஒரு நாள் அவன் ரயில் பார்சிக் சுரங்கத்துக்குள் நுழைந்து
நாலாவது எண்ணோடு அறுந்தது.
வெளியே வந்து அவன் சொன்ன மீதி இரண்டும்
செல்லாமல் போய்விட்டன.

தாராவி சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக்கு
ஹௌஸி நடத்தியவன் அவன்தான்.
துணிப்பையில் கைவிட்டு
மைக்கில் எண் கூப்பிடுவான்.
இருபத்திரண்டு வந்தால்
"ரெண்டு வாத்து" என்பான், ஒவ்வொரு வருஷமும்.
சனமும் ஒவ்வொரு வருஷமும் சிரிக்கும்.
நான் முதல் வரிசை அடித்து எழுந்தபோது
சீட்டைச் சரிபார்க்கிறேன் என்று
வேண்டியதைவிட நேரம் எடுத்துக்கொண்டான்.

வங்கியில் பிராச்சி என்று பேட்ஜ் குத்திய பெண்
"ஓடிபியை யாருக்கும் சொல்லக்கூடாது தாயி,
புருஷனுக்குக்கூட" என்றாள்.
நான் சொல்வதில்லை,
அவன்தான் எனக்குச் சொல்கிறான் என்றேன்.
அது இன்னும் மோசம் என்றாள்.
படிவம் தந்தாள். ஆதார் நகல்.
மூன்று இடத்தில் கையெழுத்து.
"பழைய நம்பருக்கு ஒரு கோடு போகும்.
அதைச் சொன்னால் மாறிவிடும்."

அவனை நீக்க
அவனையே கேட்க வேண்டும்.

கவுண்டரில் நின்றபடியே கூப்பிட்டேன்.
"வந்துச்சா?"
"வந்துச்சு."
கொஞ்சம் கழித்து,
"நம்பர் மாத்துறதுன்னு போட்டிருக்கு."
"ஆமா."
அவன் பக்கம் ஏதோ பிளாட்பாரம்,
பன்னிரண்டு பெட்டி வண்டி
தாமதமாக வருவதற்கு வருந்திக்கொண்டிருந்தார்கள்.
பிராச்சி மூன்று விரல் காட்டினாள், மூன்று நிமிடம்.
பிறகு இரண்டு விரல்.

"நாலு" என்றான். தமிழில்.
"எட்டு. ஒண்ணு. சைபர்."
நிறுத்தினான்.
"ரெண்டு. ரெண்டு."

வாத்து என்று சொல்லவில்லை.
நானும் சிரிக்கத் தயாராக இருந்தேனா தெரியாது.
பிராச்சிக்கு மராத்தியில் சொன்னேன்,
தோன், தோன்.

இன்றைக்குக் கரண்ட் பில் கட்டினேன்.
போன் என் கையிலேயே துடித்தது.
ஆறு எண்ணுக்குக் கீழே
யாரிடமும் பகிர வேண்டாம் என்று ஒரு வரி.
இத்தனை நாளில் அவன் அதை
வாசித்துக் காட்டியதே இல்லை.
ஒன்பது, மூன்று, ஒன்பது என்று
தட்டிக்கொண்டிருக்கும்போது
கட்டிலில் வீட்டுப்பாடம் எழுதிய ஜெர்லின்
தலை தூக்காமல் சொன்னாள்:
"சத்தமாச் சொல்லாதம்மா,
யாருக்காவது கேட்டுரும்."

சுவருக்கு அந்தப்பக்கம்
யார் வீட்டுக் குக்கரோ விசிலடித்தது.
மீதி மூன்றையும்
வாய்க்குள்ளே சொல்லிக்கொண்டு போட்டேன்.