முதலாளி நிரப்ப வேண்டிய பகுதி

மூன்று நாள் கெடு. இரண்டாம் நாளே நிரப்பிவிட்டேன்:
லெஸ்ஸெக்கின் வாரக் கூலி, என் வரி எண்,
மாவு அப்பிய கையொப்பம்.
அவன் மகள் ஏழாம் மாதத்திலேயே அவசரப்பட்டுவிட்டாள்.

படிவம் கேட்காத ஒன்று உண்டு:
பதிலாள் அவனைவிடக் கெட்டிக்காரனாக இருந்தால்?

கெண்டல் வந்து ஆறு வாரம்.
ஒரு ரொட்டிகூடக் கருகவில்லை.
பஃபலோ பனியிலும் நாலரைக்கு வந்து நிற்கிறான்.
"இனி நான்தானே?" என்றான் நேற்று, என் முகம் பாராமல்.

சுவரில் சட்ட அறிவிப்பு. ஒட்டியதும் நானேதான்;
ஒரு மூலை ஆவியில் சுருண்டிருக்கிறது.
அதே வேலை, அதே கூலி, அதே அடுப்பு.

திங்கள். லெஸ்ஸெக் வந்தான்,
தோளில் காய்ந்த பால் கறை.
முதல் தட்டு ரொட்டியைக் கருக்கினான்.

ஜன்னலைத் திறந்துவிட்டேன்.
கெண்டலுக்கான சிபாரிசுக் கடிதம்
இன்னும் பாதியில் கிடக்கிறது.